சுளுக்கு என்று நினைத்த முறிவு



மருத்துவமனைகளுக்கு உதவிவரும் நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "எலும்பு முறிவைப் பார்க்கத்தான் எக்ஸ்ரே இயந்திரம் இருக்கிறதே, அது போதாதா? சி.டி. என்றும் எம்.ஆர்.ஐ. என்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஏன் வேண்டும் என்கிறார்கள்?" நியாயமான கேள்விதான். தொடை எலும்போ முழங்கை எலும்போ முறிந்தால் பெரும்பாலும் சாதாரண எக்ஸ்ரே படமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஆனால் மணிக்கட்டில் சிறிய எலும்பு ஒன்று இருக்கிறது. அது முறிந்தாலும் முதல் நாள் படத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒளிந்துகொள்ளக்கூடும். கட்டுப் போட்ட பிறகும் ஒட்டிவிட்டதா இல்லையா என்பதை எளிதில் வெளிப்படுத்தாது. இம்முறை அந்த ஒரு எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்போம். நண்பர்களின் கேள்விக்கும் வழியிலேயே பதில் கிடைக்கும்.

ஓர் இளைஞரை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். வயது 22. கொத்தனார் வேலை செய்கிறவர். மழை பெய்த ஒரு மாலையில் இருசக்கர வாகனம் சறுக்கிக் கீழே விழுகிறார். விழும்போது யாரும் செய்வதுபோல உள்ளங்கையைத் தரையில் ஊன்றுகிறார். மணிக்கட்டு வலிக்கிறது, ஆனால் பெரிய வீக்கம் இல்லை, கோணலும் இல்லை, விரல்களை மடக்கி நீட்ட முடிகிறது. "எலும்பு முறிந்திருந்தால் இப்படி அசைக்க முடியுமா? வெறும் சுளுக்குத்தான்" என்று வீட்டார் சொல்லி, எண்ணெய் தடவி உருவி விடுகிறார்கள். மூன்றாம் நாளும் வலி தீராததால் ஒரு எக்ஸ்ரே எடுக்கிறார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்புகிறார். சில வாரங்களில் வலியும் ஏறக்குறைய மறந்துபோகிறது.

ஓராண்டு கழித்து, சாந்துச் சட்டியைத் தூக்கினாலே மணிக்கட்டு விண்ணென்று வலிக்கிறது. கரண்டியைப் பிடித்துச் சுவரில் அழுத்திப் பூச முடியவில்லை. இப்போது எடுத்த படத்தில் அந்தச் சிறு எலும்பு இரண்டு துண்டுகளாக, நடுவில் இடைவெளியுடன் தெரிகிறது. விழுந்த அன்றே முறிந்தது, ஒட்டவே இல்லை. இவர் நான் கற்பனை செய்த ஆள்தான். ஆனாலும் எலும்பு மருத்துவர் எவரைக் கேட்டாலும் இப்படிப்பட்ட ஒருவரையாவது பார்த்ததாகச் சொல்லுவார்.

படகு போன்ற எலும்பு

நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் இரண்டு வரிசைகளாக அமைந்திருக்கின்றன. அவற்றில் கட்டைவிரல் பக்கமாக, இரண்டு வரிசைகளுக்கும் பாலம்போலக் கிடப்பதே ஸ்கேஃபாய்டு என்ற எலும்பு. கிரேக்க மொழியில் படகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. தமிழில் படகெலும்பு என்று சொல்லலாம். என் கண்ணுக்கு அது படகைவிட ஒரு பெரிய முந்திரிப் பருப்பைப் போலத்தான் தெரிகிறது. முந்திரியின் நடுவில் ஒடுங்கிய பகுதி இருக்கிறதல்லவா, அதைப்போல இதற்கும் ஓர் "இடுப்பு" உண்டு. முறிவுகளில் பெரும்பான்மை அந்த இடுப்பில்தான் ஏற்படுகிறது.

கையை ஊன்றி விழும்போது உடலின் பாரம் முழுவதும் இந்தப் பாலத்தின் வழியாகப் போகிறது. வயதானவர்களுக்கு, அதிலும் எலும்பு தேய்ந்த பெண்களுக்கு, முன்கையின் ஆரை எலும்பு நுனியில் முறிந்து மணிக்கட்டு கோணலாகிவிடும். அதைத் தவறவிடுவது கடினம். இளைஞர்களுக்கு ஆரை எலும்பு உறுதியாக இருப்பதால் அடி படகெலும்பின்மேல் இறங்குகிறது. மணிக்கட்டின் சிறு எலும்புகளில் ஏற்படும் முறிவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த ஒன்றில்தான். ஆகவே இது பெரும்பாலும் உழைக்கும் வயதிலுள்ள ஆண்களின் நோய். கிரிக்கெட், கால்பந்து ஆடும் மாணவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், சாரத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் இதில் அதிகம்.

இந்த எலும்பு ஏன் தாமதமாக ஒட்டுகிறது என்பதற்குக் காரணம் அதன் இரத்த ஓட்டத்தில் இருக்கிறது. படகெலும்பின் மேற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கிறது. இரத்தக்குழாய்கள் நுழைவதற்கு மிகச் சிறிய இடமே மிச்சம். முக்கியமான குழாய்கள் விரல் பக்கத்துப் பாதியில் நுழைந்து, அங்கிருந்து பின்னோக்கி முன்கைப் பக்கத்து முனைக்குப் போகின்றன. காவிரியின் கடைமடை வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் நடுவில் உடைந்தால் தலைமடைக்குத் தண்ணீர் இருக்கும், கடைமடை காயும். அதுபோல எலும்பு இடுப்பில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு இரத்தம் குறைகிறது. முறிவு அந்த முனைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்கு ஒட்டுவது தாமதமாகும். சில வேளைகளில் அந்தத் துண்டு இரத்தமின்றி உயிரற்றுப்போவதும் உண்டு.

விரல் கண்டுபிடிப்பது

இயந்திரங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த முறிவை முதலில் சந்தேகிப்பது மருத்துவரின் விரல் நுனிதான்.

உங்கள் கட்டைவிரலை நன்றாக மேலே தூக்கிப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு குழி விழும். ஐரோப்பியர் அந்தக் குழியில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சினதால் அதற்கு மூக்குப்பொடிக் குழி என்றே மருத்துவ நூல்களில் பெயர். நம் ஊரில் பொடி போடுகிறவர்கள் இரு விரலால் கிள்ளித்தான் எடுப்பார்கள். ஆனாலும் பெயரின் காரணம் நமக்கு உடனே விளங்குகிறது. இந்தக் குழியின் அடித்தளத்தில் இருப்பது படகெலும்பு. கையை ஊன்றி விழுந்த ஒருவருக்கு இங்கே அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதோடு உள்ளங்கைப் பக்கத்தில், கட்டைவிரல் மேட்டின் அடியில் துருத்தியிருக்கும் எலும்பு முனையையும் அழுத்திப் பார்க்கவேண்டும். பிறகு கட்டைவிரலை அதன் நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கி மெதுவாகத் தள்ளிப் பார்க்கவேண்டும். மூன்றிலும் வலி இருந்தால் சந்தேகம் பலமாகிறது.

வலி என்ற சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கொல்லிமலையில் 1914ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946 முதல் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்காக உழைத்த டாக்டர் பால் பிராண்டை வாசகர்கள் பலர் அறிவீர்கள். நோய் விரல்களை நேராகத் தின்றுவிடுவதில்லை. உணர்ச்சி போனதால் கவனிக்கப்படாத காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவர் எடுத்துக்காட்டினார். உணர்ச்சியுள்ள கையை உடையவர்களாகிய நாம், அது சொல்லும் வலியைச் சுளுக்கு என்ற ஒரே சொல்லால் அடக்கிவிடுகிறோம்.

முதல் படம் ஏன் தவறவிடுகிறது?

1895ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதம் 22ஆம் தேதி தம் மனைவியின் கையை அவர் எடுத்த படம், விரல் எலும்புகளும் மோதிரமுமாக, இன்றும் பாடநூல்களில் காணப்படுகிறது. ஆக, மனித உடலில் எக்ஸ்ரே முதன்முதலில் புகழ்பெற்றதே கை எலும்புகளில்தான். அப்படியிருந்தும் கையிலேயே அது தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். விரிசலின் வழியே கதிர் நேராகப் போனால்தான் விரிசல் கறுப்புக் கோடாகத் தெரியும். குறுக்காகப் போனால் இரண்டு துண்டுகளின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கோடு மறைந்துபோகும். படகெலும்போ மணிக்கட்டில் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்து எலும்புகளின் நிழலும் அதன்மேல் விழுகிறது. அதனால்தான் இதற்கு வழக்கமான இரண்டு படங்கள் போதாது. கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து எடுக்கும் தனிப் படம் ஒன்றும், சரிவாக எடுக்கும் படமும் தேவை. அப்படிச் சாய்க்கும்போது எலும்பு நீண்டு நிமிர்ந்து தெரியும். எக்ஸ்ரே எடுப்பவருக்கு "மணிக்கட்டு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் இந்தப் படம் கிடைக்காது. "படகெலும்பு சந்தேகம்" என்று எழுதினால் கிடைக்கும். ஒரு வார்த்தையில் இருக்கிறது வித்தியாசம்.

இவ்வளவு செய்தும் முறிந்த எலும்புகளில் நூற்றுக்குப் பத்து, இருபது முதல் நாளில் தெரியாமல் போகக்கூடும். துண்டுகள் விலகாமல் மயிரிழை விரிசலாக இருந்தால் எந்தக் கோணமும் அதைக் காட்டாமல் போகலாம்.

பழைய வழி என்னவென்றால், படம் சுத்தமாக இருந்தாலும் குழியில் வலி இருந்தால் முறிவு என்றே கருதி மாவுக்கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்கள் கழித்து மறுபடியும் சோதித்துப் படம் எடுப்பது. இடைப்பட்ட நாட்களில் உடல் விரிசலின் ஓரத்திலுள்ள சேதமான எலும்பைக் கரைத்துவிடுவதால் கோடு சற்று அகலமாகித் தெரியவரும். மிகச் செலவு குறைந்த வழி. கதிர்வீச்சைப் பற்றியும் அஞ்சவேண்டியதில்லை. மணிக்கட்டுப் படம் ஒன்றில் கிடைப்பது ஒரே நாளில் இயற்கையாக நாம் பெறும் கதிர்வீச்சைவிடக் குறைவு.

ஆனால் இதிலும் குறைகள் உண்டு. இரண்டாம் படமும் சிலரில் ஏமாற்றும். அதைவிடப் பெரிய குறை, சந்தேகத்தின்பேரில் கட்டுப் போடப்படும் பெரும்பாலானோருக்குக் கடைசியில் முறிவு இல்லை என்பதே தெரியவரும். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு வாரக் கட்டு ஒரு தொல்லை மட்டுமே. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது இரண்டு வாரச் சோறு. அவர் பாதியிலேயே கட்டை அறுத்துவிட்டு வேலைக்குப் போனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பானையின் ஈரம்

பானை வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்த்து வாங்குவார்கள். சத்தத்தில் தெரியாத கீறலும், தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறத்தில் ஈரமாகக் கசிந்து காட்டிவிடும். எம்.ஆர்.ஐ. செய்வது ஏறக்குறைய இதுதான். எக்ஸ்ரே சுண்ணாம்புச் சத்தைப் பார்க்கிறது, எம்.ஆர்.ஐ. உடலிலுள்ள நீரைப் பார்க்கிறது. எலும்பு அடிபட்டவுடனே அதன் மஜ்ஜையில் நீர் கோர்க்கிறது. விரிசல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அந்த ஈரம் படத்தில் வெண்மையாக ஒளிரும். அதன் நடுவே முறிவு ஒரு கறுத்த கோடாகத் தெரியும். விழுந்த ஓரிரு நாட்களிலேயே இதைக் காணலாம். கதிர்வீச்சு கிடையாது. முறிவு இல்லாமல் எலும்பில் வெறும் ஊமைக்காயம் இருந்தாலும் ஈரம் தெரியும் என்பதால், படிக்கிறவருக்குப் பழக்கம் வேண்டும்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் 'நைஸ்' அமைப்பு, படகெலும்பு முறிவு என்று சந்தேகித்தால் நன்றாகச் சோதித்த பிறகு எம்.ஆர்.ஐ.யையே முதல் படமாக எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று 2016ல் கூறியது. செலவு அதிகமான இயந்திரம் என்று தோன்றும். ஆனால் வீணாகப் போடப்படும் கட்டுகளையும், திரும்பத் திரும்ப வரும் வருகைகளையும், இழக்கும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நிலை மாறுகிறது. நண்பர்களின் கேள்விக்கு ஒரு பாதி பதில் இது. எம்.ஆர்.ஐ. பரவுவதற்கு முன், கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி எலும்பில் அது எங்கே சேருகிறது என்று பார்க்கும் ஸ்கேன் வழக்கத்தில் இருந்தது. அது அடிபட்ட இடத்தைக் காட்டும். ஆனால் அது முறிவா வேறு காயமா என்று உறுதியாகச் சொல்லாது.

எம்.ஆர்.ஐ. இல்லாத சிறிய மருத்துவமனை கைகட்டி நிற்கவேண்டியதில்லை. விரலால் சோதிப்பதும், சரியான கோணத்தில் படம் எடுப்பதும், கட்டுப் போட்டு இரண்டு வாரத்தில் கட்டாயம் வரவழைப்பதும் எந்த ஊரிலும் முடியும். வராதவரைத் தேடி ஆள் அனுப்புகிற ஒரு செவிலியர் இருந்தால் அது பல இலட்சம் ரூபாய் இயந்திரத்துக்குச் சமம் என்பது என் எண்ணம்.

ஒட்டிவிட்டதா?

முறிவைக் கண்டுபிடித்தாகிவிட்டது, கட்டும் போட்டாகிவிட்டது. விலகாத இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவை கட்டிலேயே ஒட்டிவிடும். வழக்கமாக 8 முதல் 12 வாரங்கள் ஆகும். முன்கைப் பக்கத்து முனையில் முறிந்தால் இன்னும் பல வாரங்கள். (கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டுவதே பழைய வழக்கம். விரலை விட்டுவிட்டுக் கட்டினாலும் பலன் ஒன்றே என்று 1991ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதனால் கட்டுடனேயே பேனா பிடிக்கலாம், சாப்பிடலாம்.)

கடினமான கட்டம் இனிமேல்தான். காலிலோ கையிலோ நீண்ட எலும்பு ஒட்டும்போது முறிவைச் சுற்றிப் புது எலும்பு முடிச்சுப்போலத் திரண்டு வரும். எக்ஸ்ரேயில் அதைப் பார்த்து "ஒட்டுகிறது" என்று எவரும் சொல்லலாம். படகெலும்பு குருத்தெலும்பால் மூடப்பட்டிருப்பதால் அப்படிப்பட்ட திரட்சி வெளியே வருவதில்லை. உள்ளுக்குள்ளேயே ஒட்டவேண்டும். ஆகவே மருத்துவர்கள் கோடு மங்குகிறதா என்று பார்த்து ஊகிக்கிறார்கள். 12 வாரம் கழித்து எடுத்த படங்களை அனுபவமுள்ள மருத்துவர்கள் பலரிடம் கொடுத்து, ஒட்டியதா என்று கேட்டதில் அவர்களுக்குள் போதிய ஒற்றுமை இல்லை என்று 1988ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே படத்துக்கு ஒருவர் ஆம் என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார்.

வலி போய்விட்டதே, அது போதாதா? போதாது. ஒட்டாத எலும்பும் ஓய்வில் சும்மா இருக்கும். நம் கொத்தனாருக்கு நடந்தது அதுதான்.

இங்கேதான் சி.டி. ஸ்கேன் உதவுகிறது. ரொட்டியை மெல்லிய துண்டுகளாக வெட்டுவதுபோல, படகெலும்பை அதன் நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டரோ அதற்கும் குறைவான கனமோ உள்ள துண்டுகளாகக் காட்டும். ஒவ்வொரு துண்டிலும் முறிவின் இருபுறத்தையும் எலும்பு பாலமிட்டிருக்கிறதா என்று பார்த்து, மொத்தத்தில் எவ்வளவு பங்கு ஒட்டியிருக்கிறது என்று சொல்லலாம். பாதிக்குமேல் பாலமிட்டிருந்தால் பெரும்பாலும் கட்டைக் கழற்றிப் பயிற்சியைத் தொடங்குவார்கள். துண்டுகள் ஒரு மில்லிமீட்டருக்குமேல் விலகியிருக்கின்றனவா, எலும்பு நடுவில் கூன் விழுந்திருக்கிறதா என்பதும் இதில்தான் தெளிவாகத் தெரியும். கேள்வியின் மறுபாதிக்குப் பதில் இது: எம்.ஆர்.ஐ. முறிவைக் கண்டுபிடிக்க, சி.டி. ஒட்டியதை அளக்க.

மூன்று, நான்கு மாதங்களாகியும் ஒட்டுகிற அடையாளம் இல்லையென்றால் அதைத் தாமதம் என்கிறார்கள். ஆறு மாதம் கடந்தால் ஒட்டாத முறிவு என்பது வழக்கம். சாதாரண எக்ஸ்ரேயே அப்போது சில குறிப்புகளைத் தரும். கோடு மங்குவதற்குப் பதிலாக அகலமாகும். ஓரங்களில் சிறு குழிகள் தோன்றும். பிறகு ஓரங்கள் வழவழப்பாகி வெளுத்து இறுகும். முன்கைப் பக்கத்துத் துண்டு மற்ற எலும்புகளைவிட வெண்மையாகத் தெரிந்தால் அது ஓர் எச்சரிக்கை. கட்டில் கிடக்கும் கையின் உயிருள்ள எலும்புகள் சற்றே சுண்ணாம்பை இழந்து மங்கும். இரத்தம் போகாத துண்டோ எதையும் இழக்க முடியாமல் பழைய நிறத்திலேயே நிற்கும். வெண்மை அங்கே பலத்தின் அடையாளமல்ல.

ஒட்டாதவற்றுக்கு வழி உண்டு. சிட்னி நகரத்து டாக்டர் ஹெர்பர்ட் 1984ல் வெளியிட்ட தலையில்லாத திருகாணி இதில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது. இரு முனைகளிலும் மரை வெவ்வேறு நெருக்கத்தில் இருப்பதால், திருகத் திருக இரு துண்டுகளும் ஒன்றையொன்று அழுத்தும். தலை இல்லாததால் எலும்புக்குள்ளேயே புதைந்துவிடும். இடைவெளி இருந்தால் இடுப்பெலும்பிலிருந்தோ ஆரை எலும்பிலிருந்தோ சிறு துண்டு எடுத்து வைத்து நிரப்புவார்கள். துண்டுக்கு உயிர் இருக்கிறதா என்பதற்குக் கடைசிச் சாட்சி அறுவை மேசையில்தான்: அதைச் சுரண்டும்போது இரத்தப் புள்ளிகள் அரும்புகின்றனவா என்று பார்ப்பார்கள்.

அப்படியானால் எல்லோருக்கும் தொடக்கத்திலேயே திருகாணி போட்டுவிடலாமே என்று கேட்கலாம். இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் 31 மருத்துவமனைகளில் 439 பேரைக்கொண்டு நடந்த ஆய்வு 2020ல் லான்செட் இதழில் வெளியானது. அதிகம் விலகாத இடுப்பு முறிவுக்கு உடனே அறுவை செய்தவர்களுக்கும், கட்டுப் போட்டு, ஒட்டாதவர்களுக்கு மட்டும் உடனுக்குடன் அறுவை செய்தவர்களுக்கும் ஓராண்டு முடிவில் வலியிலும் கையின் பயனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அந்த "உடனுக்குடன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒட்டாததைக் காலத்தில் கண்டுபிடித்தால்தான் கட்டு நல்ல வைத்தியம். கண்டுபிடிக்காமல் விட்டால் மணிக்கட்டின் எலும்புகள் மெல்ல நிலைமாறி, பல ஆண்டுகளில் கட்டைவிரல் பக்கம் தொடங்கி மூட்டுத் தேய்மானம் பரவும். அந்த நிலையில் வலியைக் குறைக்கலாம். பழைய மணிக்கட்டைத் திருப்பித் தர முடியாது.

நோயாளி செய்யவேண்டியதும் கொஞ்சம் உண்டு. கட்டு நனையக்கூடாது, தளர்ந்தால் மாற்றவேண்டும். விரல்களைத் தினமும் மடக்கி நீட்டவேண்டும். பீடி, சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும். கட்டு இருக்கும் மாதங்களிலாவது விட்டுவிடும்படி நாங்கள் கேட்பது இதனால்தான்.

இன்னும் ஒன்று, பலர் மறந்துவிடுவது. முதல் நாள் எடுத்த படத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பழைய ஃபிலிம் உறையோ, இப்போது கைப்பேசியில் அனுப்பித் தரும் படமோ, எதுவானாலும் தேதியுடன் பத்திரமாக வைத்திருங்கள். தனியாக ஒரு படத்தைப் பார்த்து "ஒட்டுகிறதா" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்று மேலே பார்த்தோம். ஆறு வாரத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், கோடு அகலமாகியிருக்கிறதா மங்கியிருக்கிறதா என்று மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வேறு மருத்துவமனையில் எடுத்ததானாலும் கூச்சப்படாமல் கொண்டு வாருங்கள்.